போகாமல் நின்ற கூட்டாளி: ‘தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ வாங்க நினைப்பவர்களுக்கு

விசுவாசமான கூட்டாளி என்ற பேச்சு வந்தால், ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் இந்த மாயக்கதைப் புத்தகத்தை வாசித்தவர்கள் எல்லோரும் சேம் கேம்ஜியின் பெயரைத்தான் சொல்வார்கள். அது நியாயம். எஜமானும் கதைநாயகனுமான ஃப்ரொடோவை முதுகில் தூக்கிக்கொண்டு எரிமலை ஏறியவன் அவன். ஆனால் சேம் சிறு பாத்திரம் கிடையாது. கடைசிப் பாதியில் கதையையே சுமப்பவன் அவன்தான். சின்ன வயசுக் கூட்டாளி ஒருவனைச் சிறு பாத்திரமாகவே வைத்துக்கொண்டு எப்படி முழுமையாக எழுதுவது என்று பார்க்க வேண்டுமானால், இதே புத்தகத்தில் தேட வேண்டியவன் ஃப்ரெடெகார் போல்ஜர். கூட்டாளிகள் அவனை ‘ஃபேட்டி’ என்று கூப்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் ‘குண்டன்’ என்று கூப்பிடுவது மாதிரி. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் கதையில் அவன் வரும் இடங்களை எல்லாம் சேர்த்தாலும், ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் வாசித்துவிடலாம்.

அந்தச் சில பக்கங்களுக்காக மூன்று தொகுதிகளையும் காசு கொடுத்து வாங்கலாமா? வாங்கலாம். ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கம் ஆங்கிலத்தில் பெரிய நாவல் வாசிக்கத் துணியும் உயர்தர மாணவர்களையும், தமிழில் மாயக்கதை எழுதிப் பார்க்கும் இளைஞர்களையும் மனதில் வைத்தே இதைச் சொல்கிறோம். ஆனால் வாங்கும் பதிப்பும் வாசிக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேட்டி கையில் அகப்படாமல் நழுவிவிடுவான்.

நழுவுவதற்கு முதல் காரணம் பெயர். ஓர் இடத்தில் ஃபேட்டி போல்ஜர், இன்னோர் இடத்தில் ஃப்ரெடெகார், குடும்பப் பட்டியலில் வேறு வரிசை. முதல் தொகுதியில் ஃபேட்டியாகப் பார்த்தவனை மூன்றாம் தொகுதியில் ஃப்ரெடெகாராகச் சந்திக்கும்போது, ‘இது யார் புதிய ஆள்?’ என்று கடந்து போகிறவர்கள் அதிகம். புத்தகத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ‘ஃபேட்டி = ஃப்ரெடெகார் போல்ஜர்’ என்று எழுதிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கூடவே இந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் பகுதியின் 2, 3, 5ஆம் அத்தியாயங்கள், 6ஆம் அத்தியாயத்தின் தொடக்கம், 11ஆம் அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கம், இரண்டாம் பகுதியின் 2ஆம் அத்தியாயத்தில் மந்திரவாதி கேண்டால்ஃப் தன் பயணத்தைச் சொல்லும் இடம், கடைசியாக ஆறாம் பகுதியின் 9ஆம் அத்தியாயத்து முதல் பக்கம். மூன்று தொகுதிகளுக்குள் ஆறு ‘பகுதி’ இருப்பதால், தொகுதி எண்ணையும் பகுதி எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1954இல் இரண்டு தொகுதிகளும் 1955இல் மூன்றாவதும் வெளிவந்தன. தொகுதிக்கு இரண்டு பகுதி.

இனி ஆள் யார் என்று பார்ப்போம். ஷயர் என்பது ஹொபிட்கள் என்ற குள்ள மனிதர்கள் வாழும் அமைதியான விவசாய நாடு. ஃப்ரொடோவின் வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்தே வந்து போய்ப் புழங்கிய கூட்டத்தில் ஃபேட்டியும் ஒருவன் என்று 2ஆம் அத்தியாயம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. கதையின் ஆண்டுக் கணக்கில் அவன் பிறந்தது 2980இல். கதை கிளம்புவது 3018 செப்டெம்பரில். 38 வயது நமக்குக் குடும்பஸ்தன் வயது, ஆனால் ஹொபிட்கள் 33இல்தான் வயதுக்கு வந்தவர்களாகக் கணக்கு. ஆகவே அவன் இன்னும் இளவட்டம்தான். ஃப்ரொடோ வீட்டை விற்றுவிட்டு ஊர் மாறுவதாகச் சொல்லி, எதிரி தேடும் மந்திர மோதிரத்தோடு இரகசியமாக நாட்டை விட்டே கிளம்பப் பார்க்கிறான். சாமான் கட்ட வந்து நிற்கும் நான்கு கூட்டாளிகளில் ஃபேட்டி ஒருவன். கடைசி வண்டியில் இன்னொரு கூட்டாளியான மெரியோடு முன்னால் போய், கிரிக்ஹொலோ என்ற இடத்தில் புது வீட்டை ஒழுங்குபடுத்துகிறவனும் அவன்தான்.

5ஆம் அத்தியாயத்தில்தான் விஷயம் வெளிவருகிறது. ஃப்ரொடோ யாருக்கும் தெரியாது என்று நினைத்த இரகசியம் கூட்டாளிகள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். மெரி, பிப்பின், சேம், ஃபேட்டி நால்வரும் சேர்ந்து உளவு பார்த்து, திட்டம் போட்டு, குதிரை வரை தயாராக வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் கூடப் போவார்கள். ஃபேட்டி மட்டும் போகமாட்டான்.

இந்த இடத்தை நிறுத்தி வாசியுங்கள். ஃபேட்டி ஏன் போகவில்லை என்பதற்கு டோல்கீன் கொடுக்கும் காரணம் ஆபத்து வந்த பிறகு முளைத்த பயம் இல்லை. அவனுக்கு ஷயரை விட்டுப் போக ஆசையே கிடையாது. வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் விருப்பமில்லை. அவன் குடும்பத்தின் ஊர் பட்ஜ்ஃபோர்ட், நாட்டின் கிழக்குப் பக்கம். அங்கிருந்தும் அவன் வாழ்நாளில் ஒருதடவைகூட பிரண்டிவைன் பாலத்தைத் தாண்டியதில்லை. இந்த ஒரே விவரத்தால் ஆள் கண்முன் வந்துவிடுகிறான். தோட்டத்துக்குக் கீழே மெயின் ரோட்டில் தினமும் கொழும்பு பஸ் போவதைப் பார்த்துக்கொண்டே, ஏற நினைக்காத மனிதர்களை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

போகாதவனுக்கு என்ன வேலை? இங்கேதான் இந்தப் புத்தகம் மற்ற மாயக்கதைகளிலிருந்து விலகி நிற்கிறது. நிற்பதையே ஒரு பொறுப்பாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் ஆசிரியர். ஒன்று, வந்து விசாரிப்பவர்களைச் சமாளிக்க வேண்டும். இரண்டு, ஃப்ரொடோ அந்த வீட்டிலேயே இருப்பதுபோல் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் காட்ட வேண்டும். அதற்காக ஃப்ரொடோவின் பழைய உடுப்புகளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறான். மூன்று, கேண்டால்ஃப் வந்தால் அவர்கள் எந்த வழியால் போனார்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். கடிதம் எழுதி வைக்க முடியாது, ஏனென்றால் மோதிரத்தைத் தேடி எதிரி அனுப்பிய கறுப்புக் குதிரைக்காரர்கள் வீட்டைச் சோதனை போட்டால் அது அவர்கள் கைக்குப் போய்விடும். ஃப்ரொடோ பழைய காட்டு வழியாகப் போகலாம் என்று துணிந்து முடிவெடுப்பதே, சேதி சொல்ல ஃபேட்டி நிற்கிறான் என்ற நம்பிக்கையில்தான். அதாவது அவன் நிற்காவிட்டால் அந்தப் பயணம் அந்தப் பாதையில் போயிருக்காது. வீட்டில் காத்திருக்கும் இவன் வேலையைவிடக் காட்டுக்குள் போகும் தங்கள் வேலையே மேல் என்று பிப்பின் சொல்கிறான். போய்ப் பார், நாளைக்கு இந்நேரம் இங்கே இருந்திருக்கலாமே என்று நினைப்பாய் என்று ஃபேட்டி திருப்பிக் கொடுக்கிறான். கூட்டாளிகளுக்குள் மட்டும் நடக்கும் பேச்சு அது.

செப்டெம்பர் 26 காலையில் அவர்கள் போகிறார்கள். வேலிக்கு அடியில் போகும் சுரங்க வழிவரை வந்து வழியனுப்புகிறான். அதற்குப் பிறகு ஐந்து அத்தியாயத்துக்கு அவனைப் பற்றி மூச்சில்லை. காடு, மழை, மந்திரம், சத்திரம் என்று கதை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. 11ஆம் அத்தியாயம் திடீரென்று அவன் கதவைத் திறந்து வெளியே எட்டிப்பார்ப்பதில் தொடங்குகிறது.

இந்த இரண்டு பக்கத்துக்குத்தான் இந்தப் புத்தகத்தின் விலையில் பாதி தகும். நாள் முழுக்க ஏறிக்கொண்டே வந்த பயம். காற்று அசையாத இரவு. மரத்தடியில் ஒரு நிழல் நகர்கிறது. படலை தானாகத் திறந்து சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. அவன் உள்ளே ஒதுங்கி, நடுங்கியபடி நின்று, கதவைச் சாத்திப் பூட்டுகிறான். ‘அவன் பயந்தான்’ என்று சொல்லி ஆசிரியர் வேலையை முடித்துக்கொள்ளவில்லை. கதவு, பூட்டு, நடுக்கம் என்று உடம்பும் கையும் செய்வதைத்தான் காட்டுகிறார். பிறகு குதிரைகளை மெதுவாக நடத்திக்கொண்டு வரும் சத்தம். மூன்று கறுப்பு உருவங்கள் படலைக்குள் வருகின்றன. ஒன்று வாசலில், மற்ற இரண்டும் வீட்டின் இரண்டு மூலைகளில் நிற்கின்றன. நின்று, அப்படியே நிற்கின்றன. இரவு மெல்ல நகர்கிறது. விடியற்குளிரில், எங்கோ தூரத்தில் சேவல் கூவும் நேரம், எதிரியின் நாடான மொர்டோரின் பெயரால் கதவைத் திற என்ற குரல். கதவு விழுகிறது. அதே கணத்தில் ஊரே எழும்பும்படி கொம்பு ஊதுகிறது.

இதற்குப் பிறகுதான் கொம்பு ஏன் ஊதியது என்பதைச் சொல்கிறார். தோட்டத்தில் நிழல்கள் ஊர்ந்ததைக் கண்ட உடனேயே ஃபேட்டி பின்கதவால் ஓடிவிட்டான். வயல்களைத் தாண்டி, ஒரு மைலுக்கு மேல். பக்கத்து வீட்டு வாசற்படியில் விழுந்து, நான் இல்லை, என்னிடம் அது இல்லை என்று பிதற்றுகிறான். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரி வந்துவிட்டான் என்பது மட்டும் எப்படியோ புரிகிறது. உடனே அந்தப் பிரதேசமான பக்லண்டின் எச்சரிக்கைக் கொம்பு, நூறு ஆண்டாக ஊதாத கொம்பு, ஊதப்படுகிறது. ஆறே உறைந்துபோன குளிர்காலத்தில் வெள்ளை ஓநாய்கள் வந்தபோது ஊதியதற்குப் பிறகு இப்போதுதான். குதிரைக்காரர்கள் ஓடுகிறார்கள்.

சம்பவம் நடந்த வரிசைப்படி எழுதியிருந்தால் முதலில் ஓட்டம், பிறகு ஆள் இல்லாத வீட்டின் முன் மூன்று உருவம் என்று வந்திருக்கும். பதற்றம் எல்லாம் போயிருக்கும். ஓட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியதால், கதவு உடையும்வரை அவன் உள்ளே இருக்கிறான் என்றே நாம் நம்புகிறோம். எழுதப் பழகுகிறவர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் கையால் பிரதி எடுத்து, எந்த வாக்கியத்தில் நேரம் முன்னே போகிறது, எங்கே பின்னே வருகிறது என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவன் வீரமாக நிற்கவில்லை. ஓடினான். வாய் உளறினான். உளறியதில்கூட ‘அது’ என்று ஒன்று இருப்பதைச் சொல்லிவிட்டான். ஆசிரியர் அதை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் 26ஆம் திகதியிலிருந்து 29ஆம் திகதி இரவுவரை, பயத்தோடு தனியாக, இன்னொருவன் உடுப்போடு அந்த வீட்டில் இருந்தவன் அவன். எதிரிகள் அவ்வளவு நாளும் ஃப்ரொடோ அங்கே இருக்கலாம் என்று எண்ணும்படி வைத்ததும் அவன்தான். ஓடியவனால்தான் ஊர் விழித்தது. விசுவாசத்துக்கும் தைரியத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை இவ்வளவு நேர்மையாக எழுதிய பக்கங்கள் மாயக்கதைகளில் அபூர்வம்.

மூன்றாவது பொறுப்பு என்ன ஆனது? இங்கே அவசரமாக வாசிப்பவர்கள் கோட்டைவிடுவார்கள். கேண்டால்ஃப் 30ஆம் திகதி கிரிக்ஹொலோவுக்கு வருகிறார். வீடு திறந்து கிடக்கிறது, ஆளில்லை, வாசற்படியில் ஃப்ரொடோவின் மேலங்கி. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, நின்று விசாரிக்காமல் குதிரைக்காரர்களைத் துரத்திக்கொண்டு போய்விடுகிறார். கொஞ்சம் நின்று கேட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்று பிறகு அவரே சொல்கிறார். அதாவது ஃபேட்டி காத்துவைத்திருந்த சேதி சொல்லப்படவே இல்லை. சொல்ல வேண்டியவன் ஒரு மைல் தள்ளி இருந்தான். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், பெயருக்கு வந்த கடிதம் தோட்டத்து ஒபிசில் கிடந்து வீணாகிய கதைகள் தெரிந்த வாசகருக்கு இந்த இடம் கூடுதலாக உறைக்கும். எழுதுகிறவர்களுக்கு இது நல்ல பாடம். சிறு பாத்திரத்துக்குக் கொடுத்த மூன்று வேலையில் ஒன்று அவன் பிழையில்லாமலே தவறிப்போகலாம், போக வேண்டும். மூன்றும் சரியாக நடந்தால் அவன் மனிதனாக இருக்கமாட்டான், கதைக்குப் பயன்படும் கருவியாகிவிடுவான்.

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் பின்னாளில் வெளியிட்ட கையெழுத்துப் பிரதிகளில் இவன் பெயர் ஹமில்கார் போல்ஜர். ஒரு கட்டத்தில் கேண்டால்ஃப் அவனைக் காப்பாற்றித் தன் குதிரையில் கூட்டிக்கொண்டு போவதாகவே டோல்கீன் எழுதிப் பார்த்திருக்கிறார். அதை விட்டுவிட்டு, அவனை ஊரிலேயே நிறுத்தியதுதான் சரியான முடிவு.

பிறகு அவன் கதையில் இல்லை. இரண்டாம் தொகுதி முழுதும் இல்லை. மூன்றாம் தொகுதியில் யுத்தம் முடிந்து, மோதிரம் அழிந்து, நால்வரும் ஊருக்குத் திரும்பினால் ஷயர் முரடர்கள் கையில். நவம்பர் 3ஆம் திகதி பைவோட்டர் சண்டையில் அவர்களைத் துரத்திவிட்டு, நிலத்தடி மறியல் அறைகளைத் திறக்கும்போது முதலில் வெளியே கொண்டுவரப்படுகிறவர்களில் ஒருவன் ஃப்ரெடெகார். இப்போது அவன் குண்டன் இல்லை. நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மலைப்பக்கம் ஒளிந்திருந்து முரடர்களை எதிர்த்த ஒரு கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். புகை போட்டுப் பிடித்திருக்கிறார்கள். எங்களோடே வந்திருக்கலாமே என்று பிப்பின் சொல்ல, அவன் ஒரு கண்ணைத் திறந்து, இந்தப் பெரிய குரல்காரன் யார், சின்னப் பிப்பினா, இப்போது உன் தொப்பி என்ன சைஸ் என்று கேட்கிறான். பயணத்தில் பிப்பின் நிஜமாகவே உயரம் வளர்ந்து வந்திருப்பது வாசகருக்குத் தெரியும். பதின்மூன்று மாதத்துக்கு முன் கிரிக்ஹொலோ மேசையில் நடந்த கிண்டலுக்கு இது பதில். அந்த இடத்தில் கண்ணீர் வராதவர்கள் குறைவு.

இங்கே எங்கள் குறையைச் சொல்ல வேண்டும். வாசற்படியில் விழுந்து பிதற்றியவன், மலையில் ஆள் சேர்த்து எதிர்த்தவனாக எப்படி மாறினான்? ஒரே வாக்கியத்தில் தலைவன் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அரைப் பக்கம் கொடுத்திருக்கலாம். யாராவது ஒரு விவசாயி வாயால் சொல்ல வைத்திருந்தாலே போதும். அதற்கு முந்திய அத்தியாயத்தில் ஊர் நிலைமையை விளக்கும் பேச்சு தாராளமாக இருக்கிறது. அந்த இரகசிய வீட்டில் தனியாக இருந்த நான்கு நாள்தான் அவனை மாற்றியது என்று நாங்கள் ஊகிக்கிறோம், ஆனால் ஊகத்துக்கு இவ்வளவு பெரிய சுமையை ஏற்றியிருக்க வேண்டாம். உடம்பை வைத்த பட்டப்பெயரும் இன்றைய வாசகருக்கு நெருடும். அது பட்டினியை அளக்கும் கோலாகக் கடைசியில் திரும்பி வருவதால் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக் கதைகளில் கூட்டாளி பஞ்சமில்லை. காடாறு மாதம் நாடாறு மாதம் என்று பிரித்து, விக்கிரமாதித்தனின் ஆயிரம் ஆண்டு அரியணை வரத்தை இரண்டாயிரமாக்கிக் கொடுத்த பட்டி இருக்கிறான். தோட்டங்களில் ஆடும் பொன்னர் சங்கர் கூத்தில் சாம்புவன் வேட்டைக்கும் சண்டைக்கும் கூடவே போகிறான். இவர்கள் எல்லோரும் கூடப் போகிறவர்கள் அல்லது யோசனை சொல்கிறவர்கள். பின்னால் தங்கி, போனவன் இருப்பதுபோல் வீட்டை நடத்துகிறவனை நம் கதை மரபு அதிகம் கண்டுகொள்ளவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்த மண் இது. ஒரே லயத்தில் வளர்ந்த கூட்டாளிகளில் ஒருவன் போக, ஒருவன் நின்ற ஊர்கள் எத்தனையோ. போகாதவனின் பக்கத்திலிருந்து மாயக்கதை எழுத இங்கே இருப்பவர்களுக்கு அதிகம் இருக்கிறது என்பதால்தான் இந்தப் பாத்திரத்தை இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்.

எழுதும்போது சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். கூட்டாளிப் பாத்திரம் பெரும்பாலும் நாயகனின் தேவையிலிருந்து பிறக்கிறது. நாயகன் பேச ஆள் வேண்டும், சிரிக்க ஆள் வேண்டும், கோபம் வர ஒரு சாவு வேண்டும். அதனால் கூட்டாளிக்கு வீடு இருக்காது, தங்கை இருக்கமாட்டாள், செய்யமாட்டேன் என்று சொல்லும் ஒரு விஷயம்கூட இருக்காது. இதை மாற்ற, எழுத ஆரம்பிக்குமுன் அவன் எதைச் செய்யமாட்டான் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆபத்துக்கு முன்னாலேயே அது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள், ஃப்ரொடோவின் பழைய உடுப்பு மாதிரி. ஓட வேண்டி வந்தால் யார் வீட்டுக்கு ஓடுவான், எவ்வளவு தூரம் என்று முடிவு பண்ணுங்கள். ஒரு இரவை முழுதாக அவனுக்குக் கொடுங்கள். அந்த நேரம் நாயகன் பக்கத்தில் இருக்கக்கூடாது. பிறகு நீண்ட நேரம் அவனை விட்டுவிடுங்கள், ஆனால் நடுவில் ஒருதடவை வேறொருவர் வாயால் அந்த வீட்டைப் பற்றிய பேச்சு வரட்டும். திரும்பி வரும்போது நீளமான வசனம் வேண்டாம். பழைய கிண்டலைத் தொடும் ஒரு வரி போதும்.

இனிப் பதிப்பு. எங்கள் சிபாரிசு 2004இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பாடத்தைக் கொண்ட மூன்று தொகுதிப் பதிப்பு. அதில் பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றன. முக்கியமாக மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் போல்ஜர் குடும்பத்தின் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கினால் மூன்றாம் தொகுதியின் பின்பக்கம் குடும்பப் பட்டியல்களைத் திறந்து, போல்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் ஃப்ரெடெகாருக்கு எஸ்டெல்லா என்று ஒரு தங்கை. மெரி பின்னாளில் கலியாணம் கட்டுவது அவளைத்தான். கதைக்குள் ஒரு வரிகூட இதைச் சொல்லாது. சாமான் கட்டிய கூட்டாளி மெரிக்கு மச்சானாகிவிட்டான் என்ற சந்தோஷம் பின்னிணைப்பை வாசிப்பவருக்கு மட்டும்தான். நடைபாதையில் விற்கும் கள்ளப் பிரதிகளில் வரைபடமும் பின்னிணைப்பும் இல்லாமல் போகலாம். காசு கொடுக்குமுன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

ஒரே தொகுதியாக வரும் பேப்பர்பெக் பார்க்க இலாபம். ஆனால் அவ்வளவு தடித்த புத்தகம் மலைநாட்டு ஈரத்தில் சீக்கிரம் முதுகு விடும். வாங்கினால் உடனே நடுவில் விரித்து அமுக்காதீர்கள். மேசையில் முதுகு கீழே படும்படி வைத்து, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாறி மாறி மெதுவாகத் திறந்து நடுவுக்கு வாருங்கள். தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தகரக் கூரை வீடுகளில் இரவு பனி தகரத்தில் கட்டிச் சொட்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, நிமிர்த்தி, நெருக்காமல் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் தட்டில் போடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்க வேண்டாம், பசை நொறுங்கி ஏடு கழன்றுவிடும். பக்கங்களுக்கு நடுவில் டிஷ்யூ வைத்து நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 முதல் 2003 வரை வந்த மூன்று படங்களிலும் ஃபேட்டி கிடையாது. கிரிக்ஹொலோ வீடும் இல்லை, கொம்பும் இல்லை, கடைசியில் முரடர்களிடமிருந்து ஊரை மீட்பதும் இல்லை. படத்துக்கு அது சரியாக இருக்கலாம். நாம் தேடுகிறவன் அதில் அகப்படமாட்டான். ஆங்கிலம் கடினமாக இருப்பவர்கள் ரொப் இங்கிலிஸ் வாசித்த முழுமையான ஒலிப்புத்தகத்தை, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். 11ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தை முதலில் காதால் கேட்டால், நேரம் முன்னே பின்னே போவது இன்னும் தெளிவாக விளங்கும். முன்னுரையாக வரும் ஹொபிட் வரலாற்றில் சிக்கி விட்டுவிட்டவர்கள் அதைத் தாண்டி முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். பிறகு திரும்பி வரலாம், நட்டமில்லை.

பழைய கடைகளில் முதல் தொகுதி தனியாகக் கிடைப்பதும், மூன்றாவது கிடைக்காமல் போவதும் வழக்கம். முதலாவதை வாங்கி ஆரம்பியுங்கள். ஆனால் கடையை விட்டு வருமுன் மூன்றாவதுக்கு ஓடர் கொடுத்துவிட்டு வாருங்கள். ஃப்ரெடெகாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் பக்கம் அதில்தான் இருக்கிறது.